கேளுங்கள், சொல்கிறேன்: சொந்தப் புத்தி போதுமா?

கே: கடவுள் நம்பிக்கை எனக்கு ஒரே நாளில் போகவில்லை, மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது. அம்மாவுக்கு இது பெரிய கவலை. "பிடிமானம் இல்லாதவன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சரிவான்" என்கிறார். என் அறிவு எனக்குப் போதும் என்று நான் வாதாடுகிறேன். உண்மையைச் சொல்லுங்கள், மனிதனுக்கு மதம் தேவையா, சொந்தப் புத்தி போதாதா? (பெயர் வேண்டாம் என்றிருக்கிறார் வாசகர்)

ப: அம்மாவோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறீர்களே, அதுவே நல்ல விஷயம். பல வீடுகளில் இந்தப் பேச்சு அறைக்கதவைச் சாத்திக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது.

அம்மாவின் பயம் ரொம்பப் பழையது. பியர் பேல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் 1682-இலேயே இதை எடுத்துப் பேசியிருக்கிறார். நாத்திகர்கள் மட்டுமே வாழும் ஒரு சமூகம்கூட ஒழுங்காக நடக்க முடியும் என்பது அவர் வாதம். இத்தனைக்கும் அவர் நாத்திகர் இல்லை, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். மனிதர்கள் தாங்கள் நம்புவதாகச் சொல்லும் கொள்கைப்படியா நடக்கிறார்கள், சுபாவம், பழக்கம், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் இதெல்லாம்தானே நடத்துகிறது என்று கேட்டார். சுற்றிலும் பார்த்தால் அவர் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. நன்றாகக் கும்பிட்டுவிட்டு நன்றாக ஏமாற்றுகிறவர்கள் உண்டு, கும்பிடாமலே நேர்மையாக இருப்பவர்களும் உண்டு.

இன்னொன்று. மதத்தைப் பின்பற்றுகிறவர் தன் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பற்றுவதில்லை, பின்பற்றவும் முடியாது. 1688-இல் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் சேர்ந்து, அடிமைகளை வாங்குவதும் விற்பதும் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தங்கள் சபைக்கே அனுப்பினார்கள். பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே நீ பிறருக்குச் செய் என்ற வாக்குதான் அவர்களுக்கு ஆதாரம். அதே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு, அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தைக் காட்டியவர்களும் இருந்தார்கள். புத்தகம் ஒன்று. எந்த வரியைத் தூக்கிப் பிடிப்பது, எதைத் தாண்டிப் போவது என்பதைப் படிக்கிறவரின் மனசாட்சிதான் முடிவு செய்தது. ஆகவே ஒழுக்கத்துக்கு மதம் கட்டாயம் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டக் கிளம்பிவிடாதீர்கள், உங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. "என் அறிவு போதும்" என்கிறீர்கள். அறிவு சரி, அந்த "என்" தான் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு சம்பவம் சொல்கிறார். இளவயதில் அவர் புலால் உண்பதை விட்டிருந்தார், மீன் நமக்கு என்ன தீங்கு செய்தது, அதைப் பிடிப்பது கொலை என்று நினைத்தவர். பாஸ்டனிலிருந்து கிளம்பிய கப்பல் காற்று இல்லாமல் நடுவழியில் நின்றுவிட, கூட வந்தவர்கள் காட் மீன்களைப் பிடித்து வறுக்க ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் மீன் என்றால் அவருக்கு உயிர், வாசனை வேறு ஆளைத் தூக்குகிறது. கொள்கைக்கும் ஆசைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் ஊசலாடினார். அப்புறம், மீன்களை அறுத்தபோது அவற்றின் வயிற்றிலிருந்து குட்டி மீன்கள் வந்தது ஞாபகத்துக்கு வந்தது. நீங்களே ஒன்றையொன்று தின்கிறீர்கள், நான் உங்களைத் தின்றால் என்ன என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டது, திருப்தியாகச் சாப்பிட்டார். பகுத்தறிவுள்ள பிராணியாக இருப்பது எவ்வளவு வசதி, செய்ய ஆசைப்படும் எதற்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாமே என்று தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார்.

இதைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், ஒரு நண்பருக்குத் தர வேண்டிய பணத்தை மாதக்கணக்கில் நான் இழுத்தடித்தது ஞாபகம் வந்தது. அப்போது எனக்குள் தயாராக இருந்த காரணங்கள் ஒவ்வொன்றும் சுத்தமான தர்க்கம், ஓட்டையே இல்லை. நண்பரின் மனைவி ஒரு வார்த்தை கேட்டதும்தான் அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்தது.

தனி ஆளின் புத்திக்கு மட்டும் இந்த வியாதி என்று நினைக்காதீர்கள். 1847-இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்து நேராகப் பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று விதி வைத்தார். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. கணக்கு கண்முன்னால் இருந்தும் பலர் ஏற்கவில்லை, மறுத்தவர்கள் அந்தக் காலத்தின் நன்கு படித்த மருத்துவர்கள். தன் கைதான் இவ்வளவு பேரைக் கொன்றது என்று ஒத்துக்கொள்வது லேசா என்ன? கடைசியில் அவர் சொன்னது நிலைத்தது என்றால், மற்றவர்கள் திரும்பச் சோதித்துப் பார்க்கவும், சோதித்து மறுத்தவரை மறுக்கவும் இடம் இருந்ததால்தான் நிலைத்தது. அறிவு தேறுவது அப்படித்தான், "நீ சொல்வது தப்பு" என்று சொல்ல ஆள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த வேலையை இப்போது அம்மா பார்க்கிறார்.

மதத்திடம் நான் கொஞ்சம் பொறாமைப்படுகிற ஒரு விஷயமும் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் நம்பிக்கை இல்லாதவர், அவர் அப்பாவும் அப்படியே. அப்பா இறந்தபோது சடங்கு ஒன்றும் வேண்டாம் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். எல்லாரும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை" என்றார் நண்பர் பிறகு. கடவுள் பக்தி நிறைய உள்ள பக்கத்து வீட்டு அம்மாள்தான் மெதுவாக, "அப்பா கையெழுத்து எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நண்பர் உள்ளே போய் அப்பாவின் பழைய நோட்டுகளை எடுத்து வந்தார். வரவு செலவு, மருந்துப் பெயர்கள், பேத்தி கேட்ட கேள்விகள். ஆளுக்கு ஒரு பக்கமாக வாசித்தார்கள், இருட்டும்வரை. சொல்ல வார்த்தை இல்லாத நேரத்தில் செய்வதற்கு ஒன்றைக் கையில் கொடுப்பது, மதங்களுக்குக் காலங்காலமாகக் கைவந்த வேலை. நம்பாதவர்கள் ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கண்டுபிடிக்க முடியும், ஆனால் தனியாக உட்கார்ந்து முடியாது.

கே: கண்ணால் பார்த்ததை மட்டுமே நம்புவேன். இதுதானே பகுத்தறிவு?

ப: மணிமேகலை காப்பியத்தின் 27-ஆம் காதையைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று விசாரித்துவரும் மணிமேகலை, கடைசியில் பூதவாதியிடம், அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கைதான் எல்லாம் என்கிறவனிடம், வருகிறாள். கண்கூடாகத் தெரிவதுதான் அறிவு, ஊகிப்பதெல்லாம் செல்லாது என்கிறான் அவன். அப்படியென்றால் உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்டுவிடுகிறாள்! மறுபிறப்பு உண்டு என்ற அவள் கட்சியை நாம் ஏற்க வேண்டியதில்லை, இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். 29-ஆம் காதையில் அவளுடைய குருவான பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு எது சரியான அளவை (அறியும் வழி), எது போலி என்று தருக்கப் பாடமே எடுக்கிறார். துறவு பூணப்போகிற பெண்ணுக்குத் தருக்கம்!

கே: விஞ்ஞானிகளில் சிலர் பக்தர்களாக இருக்கிறார்களே, அது முரண் இல்லையா?

ப: எல்லாருக்கும் இல்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய பெல்ஜிய இயற்பியலாளர் ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானம் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்கிற மாதிரி பேசியது லெமேத்ருக்குப் பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, கடவுளை மறுக்கிறவர் தாராளமாக மறுத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் சொன்னார்.