முடிவு கேப்டனுடையது, கணக்கு யாருடையது?

கேள்வி: ஜனவரியில் ஒருநாள் காலை சென்னையிலிருந்து டெல்லிக்குக் கிளம்பினோம். டெல்லியில் மூடுபனி என்று ஜெய்ப்பூரில் இறக்கினார்கள். 2 மணி நேரம் விமானத்துக்குள்ளேயே இருந்தோம். அப்புறம் கேப்டன், தன் பணி நேரம் முடிந்துவிட்டதாக மைக்கில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். வேறு விமானி வந்து கிளம்ப மேலும் 6 மணி நேரம். கிடைத்தது ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். புகார் அனுப்பினால், "வானிலையும் கேப்டனின் முடிவும் எங்கள் கையில் இல்லை" என்கிறார்கள். அப்படியென்றால் யார்தான் பொறுப்பு? (வாசகர், தாம்பரம்)

பதில்: அந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது.

உண்மையான பாதி இது. பறக்கும் விமானத்தை எங்கே இறக்குவது, மறுபடி கிளப்பலாமா என்பதில் கடைசி வார்த்தை கேப்டனுடையது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியே அப்படித்தான் சொல்கிறது. முதலாளியே போன் செய்தாலும் அவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். பணி நேரம் முடிந்த விமானி ஓட்ட மறுத்ததற்காக அவரைத் திட்டாதீர்கள். களைத்துப்போனவர் ஓட்டும் விமானத்தில் நானும் ஏறமாட்டேன்.

மற்றவர்களின் எல்லைகளும் தனித்தனி. டெல்லி விமான நிலையத்தை நடத்துவது தனியார். ஆனால் அங்கே இறங்கவும் ஏறவும் அனுமதி தரும் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு), மத்திய அரசின் விமான நிலைய ஆணையத்தைச் சேர்ந்தது. பை சோதிப்பவர்கள் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர். விமான நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, விதி போட்டு, அபராதமும் விதிப்பது டிஜிசிஏ என்ற மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். பஸ் என்றால் டிரைவர், கண்டக்டர், டிப்போ மேலாளர் என்று மூன்று பேரோடு தகராறு முடிந்துவிடும். இங்கே ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட நிறைய இடம் இருக்கிறது.

இப்போது மறைத்த பாதிக்கு வருவோம். கேப்டன் எடுப்பது அந்த நேரத்து முடிவு. அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நிறுவனம். எந்த விமானிக்கு எந்த நாள் எந்த ஊர் என்று பட்டியல் போடுவது யார்? பணி நேரம் முடியப்போகிறது என்று தெரிந்தால் மாற்று ஆளை அனுப்ப வேண்டியது யார்? கேப்டன் இல்லையே.

மூடுபனியையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் கேட் 3பி (CAT IIIB) எனப்படும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாதபோதும் தரையிறங்கும் வசதி உண்டு. அதற்குத் தகுதியான விமானமும் பயிற்சி பெற்ற விமானிகளும் இருந்தால், ஓடுபாதையில் 50 மீட்டர் வரைதான் தெரிகிறது என்றாலும் இறங்கலாம். சாதாரண கேட் 1 முறைக்கு 550 மீட்டர் வேண்டும். பனிக்காலத்தில் பயிற்சி இல்லாதவரை டெல்லிக்கு அனுப்பிவிட்டுப் பனிமேல் பழி போட்டால் எப்படி? 2023 டிசம்பர் கடைசியில் இந்த விஷயத்தில் தவறியதற்காக ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் டிஜிசிஏ தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. 2025 டிசம்பரில், விமானிகளின் புதிய ஓய்வு விதிக்கு ஏற்பத் திட்டமிடாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தபோதும் பாருங்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது தலைமைச் செயல் அதிகாரிக்கும் 'பொறுப்பு மேலாளர்' என்பவருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஒருவரை டிஜிசிஏவிடம் காட்டியாக வேண்டும்.

சரி, உங்களுக்கு என்ன கிடைக்கும்? டிஜிசிஏ விதியில் வெறும் தாமதத்துக்குப் பண இழப்பீடு கிடையாது. சொல்லாமல் ரத்து செய்தாலோ, டிக்கெட் இருந்தும் ஏற்றாமல் விட்டாலோதான் அது உண்டு. ரத்துக்குக் காரணம் வானிலை என்றால் அதுவும் இல்லை. ஆனால் சாப்பாடு வேறு விஷயம். சென்னை-டெல்லி போல இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் புறப்பாடு 3 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்களுடையது நடுவழியில் வந்த தாமதம் என்று அவர்கள் நழுவப் பார்க்கலாம். விடாதீர்கள். மூடுபனியில் மாட்டிய டெல்லி-ஹைதராபாத் விமானம் பற்றிய வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், பனியால் வந்த தாமதத்துக்கு இழப்பீடு இல்லை என்றது. கூடவே, சிக்கிக்கொண்ட பயணிகளைக் கவனிக்கும் கடமை குறைந்த கட்டண நிறுவனத்துக்கும் உண்டு என்றது. தண்ணீர் பாட்டிலோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள்.

அடுத்த கடிதத்தை நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு, அதாவது புகார்களைக் கவனிப்பவருக்கு, எழுதுங்கள். பொத்தாம்பொதுவாகப் புலம்ப வேண்டாம். மூன்றே கேள்வி: அன்று விமானிகளுக்கு கேட் 3 பயிற்சி இருந்ததா? கேப்டனின் பணி எத்தனை மணிக்குத் தொடங்கியது? மாற்று விமானிக்கு எப்போது சொல்லி அனுப்பினீர்கள்? அதே நேரத்தில் மற்ற விமானங்கள் டெல்லியில் இறங்கியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பதில் சரியில்லை என்றால் விமானப் பயணிகள் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளம், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம்தான். டெல்லிக்கு அலைய வேண்டாம், வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் போடலாம். டிக்கெட் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. போர்டிங் பாஸ், வந்த குறுஞ்செய்திகள், சாப்பிட்ட பில் எல்லாம் பத்திரம்.

கேள்வி: ஒரு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கினேன். லண்டனுக்கு ஏற்றிப்போனது இன்னொரு நிறுவனத்தின் விமானம். பெட்டி 4 நாள் கழித்து வந்தது. இவரைக் கேட்டால் அவரை, அவரைக் கேட்டால் இவரை. (வாசகி, திருச்சி)

பதில்: இது கோட்ஷேர் விளையாட்டு, அதாவது ஒருவர் டிக்கெட் விற்க, இன்னொருவர் விமானம் ஓட்டுவது. ஆடட்டும், நீங்கள் நடுவில் ஓட வேண்டியதில்லை. சர்வதேச விமானப் பயணத்தில் யார் பொறுப்பு என்று சொல்லும், இந்தியா 2009இல் சேர்ந்த மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, டிக்கெட் விற்றவர், ஓட்டிப்போனவர் இருவரில் யார்மீது வேண்டுமானாலும், இருவர்மீதும் சேர்த்தும் வழக்குப் போடலாம். ஆனால் பெட்டி தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். உடைந்து வந்திருந்தால் 7 நாள்தான். இடைப்பட்ட 4 நாளில் வாங்கிய துணிமணி பில்லையும் அதோடு இணைத்து அனுப்புங்கள்.