ராஜினாமா செய்தால் 3 லட்சம் தருகிறார்களாம், வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகங்கள் தயாரிக்கும் கம்பெனியில் 14 வருடமாக நிரந்தர மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். ஆர்டர் குறைந்து ஒரு ஷிஃப்டையே நிறுத்திவிட்டார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கிராஜுவிட்டியும் சேர்த்து 3 லட்சம் தருவதாக ஹெச்.ஆர். சொல்கிறார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 26,000 ரூபாய். பி.எஃப்.பில் 6 லட்சம் இருக்கிறது. அதை எடுத்து வீட்டுக் கடன் பாக்கி 5 லட்சத்தை அடைத்துவிடலாமா?

பதில்: கடனுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கம்பெனி உங்களை ஆட்குறைப்பு செய்தால் ஒரு கணக்கு, நீங்களாகவே விலகினால் வேறு கணக்கு. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, எப்படியும் உங்களுடையதுதான். அதற்கு மாதத்தை 26 நாளாகக் கொண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம்: 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000 ரூபாய். 14 வருடத்துக்கு 2,10,000. ஆக, அவர்கள் கூடுதலாகத் தருவது வெறும் 90,000 ரூபாய். ஆட்குறைப்பு என்றால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடாகத் தர வேண்டும் என்கிறது சட்டம். இந்த 26,000-ஐ மட்டும் வைத்து, மாதத்தை 30 நாளாகக் கொண்டு பார்த்தாலே சுமார் 1,82,000 வரும். ஒரு மாத நோட்டீஸ் தராவிட்டால் அந்த மாதச் சம்பளமும் சேரும். கிராஜுவிட்டியோடு இவற்றையும் கூட்டினால் 4,18,000. எடுக்காத விடுப்புக்கான பணம் தனி. ராஜினாமா என்று எழுதிவிட்டால் நஷ்ட ஈடு கேட்கும் உரிமையே போய்விடும். இதைச் சொல்லாமல் கையெழுத்து கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தொழிற்சங்கம் இருந்தால் உடனே பேசுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். சலுகை எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள்.

சரி, கடன். பி.எஃப்.பை எடுத்து அடைத்தால் கையில் 1 லட்சம்தான் மிஞ்சும். அடுத்த வேலை கிடைக்க ஆறு மாதம் ஆனால் வீட்டுச் செலவுக்குத் தனிநபர் கடனோ நகைக் கடனோ வாங்க வேண்டி வரும். வீட்டுக் கடனைவிட அதற்கு வட்டி அதிகம். பி.எஃப். அப்படியே இருக்கட்டும், வட்டி வரும். பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் பென்ஷனும் உண்டு. வரும் செட்டில்மெண்டில் ஆறு மாதச் செலவையும் இ.எம்.ஐ.யையும் சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள். சமாளிக்க முடியாது என்று தெரிந்தால், ஒரு தவணைகூடத் தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்க் கடன் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள்.

கம்பெனி எடுத்த மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். புதிய பாலிசியில், விபத்து தவிர மற்ற சிகிச்சைகளுக்கு முதல் 30 நாள் பணம் கிடைக்காது. அதனால் குடும்பத்துக்கான பாலிசியை வேலையில் இருக்கும்போதே, இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.