கம்பஸ் போக முன் மூன்று மாதம்: வகுப்பா, ஊர் சுற்றுவதா?

கேள்வி: ஏ.எல். எழுதி, பேராதனை விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது. போவதற்கு இன்னும் மூன்று மாதமளவில் இருக்கிறது. ஆங்கிலம், கொம்பியூட்டர், கார் ஓட்டம் என்று மூன்று வகுப்புக்கும் காசு கட்ட அம்மா தயாராக நிற்கிறா. எனக்கோ சினேகிதிகளோடு ஊர் சுற்ற ஆசை. என்ன செய்யலாம்? (வாசகி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, காசு கட்டுவதை அம்மா ஒரு கிழமை தள்ளிப் போடட்டும். விஞ்ஞான பீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான், அதனால் அவவின் பயம் நியாயம். ஆனால் புதிதாக வரும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே ஆங்கிலம் படிப்பிக்கிறது. இப்போதைக்கு ஒரு பழைய ஆங்கில இரசாயனவியல் புத்தகம் தேடி எடுங்கள். தமிழில் நீங்கள் ஏற்கெனவே கரைத்துக் குடித்த அலகை நாளுக்கு இரண்டு பக்கம் வாய்விட்டு வாசியுங்கள். விஷயம் தெரிந்ததுதானே, அகராதி அதிகம் தேவைப்படாது. கொம்பியூட்டர் அங்கே போயும் பழகலாம். கார்? முதலாம் வருடம் ஏறப்போவது பஸ்ஸில்தான்.

அம்மாவின் பட்டியலில் விடுபட்டது சிங்களம். விடுதி, கன்டீன், கண்டி பஸ் எல்லா இடத்திலும் அதுதான் வேண்டும். அங்கே போய்ப் பழகுவோம் என்று போகிற பிள்ளைகள் பலர் தமிழ்க் கூட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். திருகோணமலையில் மூன்று சமூகமும் ஒரே சந்தையில்தான் சாமான் வாங்குகிறது. வகுப்பு வேண்டாம், வீட்டு மரக்கறியை நீங்களே வாங்கப் போங்கள். சிங்களக் கடையில் விலை கேளுங்கள், குறைக்கச் சொல்லுங்கள், மிச்சக் காசை எண்ணி வாங்குங்கள். பிழையாகக் கதைத்தால் கடைக்காரர் சிரித்துவிட்டுத் திருத்துவார். கத்தரிக்காய் விலை பேசத் தெரிந்தவளுக்கு விடுதி அலுவலகத்தில் திறப்புக் கேட்பது பெரிய வேலையில்லை.

சரி, ஊர் சுற்றுவது. தாராளமாகச் சுற்றுங்கள், கடலில் இருந்து தொடங்குங்கள். நம் பக்கக் கடல் அமைதியாக இருப்பது சித்திரையில் இருந்து புரட்டாதி வரைதான். அப்புறம் வாடைக்காற்று வந்துவிடும், நிலாவெளியில் இருந்து புறாமலைக்குப் படகில் போவதும் சிரமம். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய அந்தத் தீவைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வருகிறார்கள். உப்புவெளியில் பிறந்த எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? போனால் முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள். நீச்சல் தெரியாவிட்டால் கழுத்தளவுத் தண்ணீரில் துணிச்சல் காட்டவும் வேண்டாம்.

கோணேசர் கோவிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் நீங்கள் நூறு தரம் போன இடங்களாக இருக்கும். பெரியகுளம் பக்கம் இருக்கும் வெல்கம் விகாரைக்குப் போனீர்களா? சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்த விகாரை அது. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்னொன்றும் பாருங்கள்: பேராதனை வளாகத்தை ஒட்டி ஓடும் மகாவலிதான் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. இதெல்லாம் தெரிந்து வைப்பது வீண் போகாது. கிழக்குக் கடலைப் பார்க்க உங்கள் பட்ச் ஒருநாள் கிளம்பும், வழிகாட்டி நீங்கள்தான். சாப்பாடு உங்கள் வீட்டில்! அம்மாவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குள் பழக வேண்டியது இரண்டு. ஒன்று, அம்மா பக்கத்தில் நில்லாமல் சோறு, பருப்பு, சம்பல், ஒரு மீன்குழம்பு. குழம்பு ஒருநாள் புளித்துப் போகட்டும், மற்ற நாள் உப்புக் கூடட்டும். அதைச் சாப்பிட வீட்டில் ஆள் இருக்கும்போதே பழகிவிடுங்கள். மற்றது, கட்டில் விரிப்பைக் கையால் தோய்ப்பது. சட்டை தோய்ப்பது போலல்ல அது. தண்ணீர் குடித்த விரிப்பைத் தனியாகப் பிழிய முடியாது, ஒரு நுனியைக் குழாயில் சுற்றிக்கொண்டு மற்ற நுனியை முறுக்க வேண்டும். நம் வெயிலில் மத்தியானத்துக்குள் காயும் துணி, பேராதனை மழையில் இரண்டு நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். ஆகவே விரிப்பு இரண்டு கொண்டு போங்கள்.

கடதாசி வேலையைக் கடைசிக் கிழமைக்கு வைக்காதீர்கள். விடுதிக்கும் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் பெற்றோரின் வருமான விவரம் கேட்பார்கள். ஜீ.எஸ். (கிராம அலுவலர்) தரும் சான்றுக்குப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வேண்டும். ஒருவர் இருக்கும் நாளில் மற்றவர் லீவில் இருப்பது வழக்கம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள் எல்லாவற்றிலும் பிரதி எடுத்து, பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பகிடிவதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரடியாக முறையிடலாம். சீனியர் சொன்னார் என்பதற்காக வீட்டுக்கு மறைக்க வேண்டியதில்லை. என்ன நடந்தாலும் அன்றிரவே அம்மாவுக்குப் போன் எடுப்பது என்று இருவரும் இப்போதே பேசி வையுங்கள்.

போகும் நாளுக்கு முன் ஒருதரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கண்டி பஸ்ஸில் போய் வாருங்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பாதை பிடிபடும், பேராதனைக்கு எங்கே மாறி ஏறுவது என்பதும் தெரியும். பஸ்ஸில் வயிறு புரட்டும் ஆளென்றால் முன் சீட்டைப் பிடியுங்கள். மாத்தளை தாண்டியதும் பலகடுவை வளைவுகள் தொடங்கிவிடும்.