கசக்கி எறிவதில் என்ன இயற்பியல்?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் காகிதம் கசங்குவதைப் பற்றி ஆராய்கிறார்களாமே! எங்கள் வீட்டு மூன்று வயதுப் பொடியனே நன்றாகக் கசக்குகிறான். இதற்கு ஒரு விஞ்ஞானியா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: பொடியன் கசக்குவான், சரி. ஒரு அளவுக்கு மேல் அது ஏன் கசங்க மறுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வந்து குவியும் கவிதைகளைக் கசக்கியே கை காய்த்துப்போன எனக்கும் அது தெரியாமல்தான் இருந்தது.

0.1 மி.மீ. கனமுள்ள ஏ4 தாளின் கன அளவு சுமார் 6 கன செ.மீ. அதை 5 செ.மீ. விட்டமுள்ள உருண்டையாகக் கசக்கினால் 65 கன செ.மீ. அதாவது, பத்தில் ஒன்பது பங்கு காற்று. அந்தக் காற்றுப் பந்தா உங்கள் முஷ்டியை எதிர்க்கிறது?

தாளுக்கு வளைவது சுலபம், நீள்வது கஷ்டம். கனம் பாதியானால் நீட்டுவதற்கான ஆற்றல் செலவு பாதியாகிறது. வளைப்பதற்கானதோ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் நீளாமல் சுருங்காமல் ஒரு தாள் ஓரிடத்தில் ஒரு திசையில்தான் வளைய முடியும். 1827-ல் கணித மேதை காஸ் நிறுவிய தேற்றம் போட்ட கட்டுப்பாடு அது. எல்லாப் பக்கமும் நெருக்கினால் தாள் என்ன செய்யும்? நீட்சியை மடிப்பு முகடுகளிலும் அவை கூடும் முனைகளிலும் ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் நிம்மதியாக இருந்துகொள்ளும். உங்கள் கையைத் தாங்கி நிற்பவை அந்த முகடுகள்தாம்.

இதில் ஒரு வினோதக் கணக்கு உண்டு. முகடு எட்டு மடங்கு நீண்டால் அதில் அடங்கும் ஆற்றல் இரண்டு மடங்குதான் ஆகிறது. 1995-ல் சிக்காகோ பல்கலைக்கழக இயற்பியலாளர் தாமஸ் விட்டனின் குழு சொன்னது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒரு நீள முகட்டை எட்டுத் துண்டாக ஒடித்தால் செலவு நான்கு மடங்கு. மேலும் அமுக்குவது என்றால் முகடுகளை மேலும் மேலும் ஒடிப்பதுதான். கை ஓய்ந்துவிடாதா?

அதே சிக்காகோவில் 2002-ல் கசங்கிய மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் மேல் எடையை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மூன்று வாரம் ஆகியும் அது மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே இருந்தது. உங்கள் பொடியன் மூன்று நிமிடம் உட்காருவானா?

தியேட்டரில் சிப்ஸ் பாக்கெட்டை நைசாகப் பிரிக்கும் புண்ணியவான்களுக்கும் ஒரு செய்தி. ஒவ்வொரு மடிப்பும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் 'டக்'கென்று தாவும்போதுதான் சத்தம் வருகிறது. மெதுவாகப் பிரித்தாலும் 'டக்' குறையாது. நாங்கள் அதைக் கூடுதல் நேரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.