பால் சங்கம் போல கரண்டுக்கும் ஒரு சங்கம் வைக்கலாமா?

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் நாங்கள் முப்பது நாற்பது பேர் கிணறும் போரும் வைத்து விவசாயம் பார்க்கிறோம். வோல்டேஜ் இறங்கி மோட்டார் காயில் எரிவது எங்களுக்கு வாடிக்கை. என் சம்பந்தி ஊர் குப்பம் பக்கம். அங்கே கரண்டுக்கே தனிச் சங்கம் இருந்தது, பில்லும் அதன் பெயரில்தான் வந்தது என்கிறார். பால் சங்கம் போல நாங்களும் ஒன்று தொடங்கலாமா?

பதில்: சம்பந்தி சொல்வது சரிதான். ஆந்திரத்துக் குப்பத்தில் 'ரெஸ்கோ' என்று அழைக்கப்பட்ட கிராமிய மின் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. இப்படிப்பட்ட சங்கம் மாநில மின் நிறுவனத்திடம் மொத்தமாக மின்சாரம் வாங்கி, தன் கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் ஊருக்குக் கொடுக்கும். மீட்டர் பார்த்து வசூலித்து மொத்த பில்லைக் கட்டும். இணைப்பு வாங்குகிறவர்தான் உறுப்பினர், அதாவது முதலாளி. ஒற்றை பல்பு வீட்டுக்கும் ஒரு ஓட்டு, 10 எச்.பி. மோட்டார்காரருக்கும் ஒரு ஓட்டு.

இது அமெரிக்காவில் வேர்விட்ட ஏற்பாடு. 1935 வாக்கில் அங்கே பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். மைலுக்கு நாலு வீடு இருக்கிற இடத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டாது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க, விவசாயிகளே சங்கம் வைத்துக் கம்பம் நட்டார்கள். இன்று அங்கே சுமார் 900 சங்கங்கள் இருக்கின்றன. வருஷக் கடைசியில் மிஞ்சும் பணத்தை, அவரவர் செலவழித்த யூனிட் கணக்குப்படி உறுப்பினர் பெயரில் வரவு வைத்து, சில வருஷம் கழித்துத் திருப்பித் தருகிறார்கள். ஊற்றிய பாலுக்கு ஏற்ப போனஸ் வாங்குகிறோமே, அதே கணக்கு.

நம் நாட்டில் 1969-இல் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகக் கடன் கொடுக்கும் மத்திய அரசு நிறுவனமான கிராமிய மின்மயக் கழகம் உருவானதை ஒட்டி கோடினார், முளா பிரவரா, ஹுக்கேரி, சிரிசில்லா, லக்னோ என ஐந்து இடங்களில் சோதனை நடந்தது. சிரிசில்லா தெலங்கானாவின் நெசவு ஊர், குடியாத்தத்துக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே இன்றும் இயக்குநர்களை மின் நுகர்வோர்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மகாராஷ்டிரத்து முளா பிரவராவின் கதை வேறு. அங்கே பம்ப்செட்டுகள்தான் அதிகம், பம்ப்செட்டு மின்சாரத்துக்கு வசூல் குறைவு. மொத்த பில் பாக்கி ஏறிக்கொண்டே போய், 2011-இல் விநியோகம் சங்கத்தின் கையைவிட்டுப் போனது.

உங்களுக்கும் இடறப்போவது அங்கேதான். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990-லிருந்து இலவசம். காசு கொடுத்து வாங்கி இலவசமாகக் கொடுக்கிற சங்கம், அரசு மானியம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் தள்ளாடும். 2003 மின்சாரச் சட்டம் கூட்டுறவுச் சங்கம் விநியோகம் செய்ய இடம் கொடுக்கிறதுதான். ஆனாலும் கம்பியே வராத ஊருக்குப் பிறந்த ஏற்பாடு இது. உங்கள் ஊரில் கம்பி இருக்கிறது. விநியோகச் சங்கம் வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

வோல்டேஜ் தொல்லைக்குச் சங்கமே தேவையில்லை. 63 கே.வி.ஏ. சுமை தாங்கும் டிரான்ஸ்பார்மரில் 5 எச்.பி. மோட்டார் பதினொன்று ஒரே நேரத்தில் ஓடினாலே நிறைந்துவிடும். தண்ணீர் கீழே போகப் போக, பதிவில் 5 எச்.பி. என்று இருந்தாலும் போருக்குள் 7.5 இறங்கிவிடுகிறது. (நீங்கள் இறக்கினீர்கள் என்று சொல்லவில்லை!) முதலில் எந்த டிரான்ஸ்பார்மரில் யார் யார், எத்தனை எச்.பி. என்று உண்மையான பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் கெபாசிட்டர் மாட்டுங்கள், 5 எச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர். அளவு போதும். கம்பியில் ஓடும் ஆம்பியர் குறையும், கடைசி கம்பத்துக்காரருக்கும் வோல்டேஜ் எட்டும். அப்புறம் அந்தப் பட்டியலோடு எல்லோரும் கையெழுத்திட்டு, விவசாயிகள் குறைதீர்வு நாளில் கூடுதல் டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு கொடுங்கள். தனி ஆள் மனுவைவிட இதற்கு எடை அதிகம்.

சங்க ஆசை விடவில்லை என்றால், மின்சாரத்தை விநியோகிக்காமல் உற்பத்தி செய்கிற சங்கத்தைப் பற்றி யோசிக்கலாம். குஜராத்தின் தூண்டி கிராமத்தில் 2016 வாக்கில் ஆறு விவசாயிகள் சூரிய பம்ப்செட்டுகளோடு கூட்டுறவு வைத்து, பாசனம் போக மிஞ்சியதை மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். நம் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையே வாங்கியது. 2019-இல் வந்த, விவசாயிகளுக்கான மத்திய அரசின் சூரிய மின் திட்டமான பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு, தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய நிலையம் வைக்க விவசாயிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் வழி செய்தது. துணை மின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருப்பது நல்லது. மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் பிடிக்கும், முதலீடு கோடிக்கணக்கில் ஆகும்.

அதனால் அட்வான்ஸ் எதுவும் கொடுக்கும் முன் இரண்டு இடத்தில் கேளுங்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, யூனிட்டுக்கு என்ன விலை, எத்தனை வருஷ ஒப்பந்தம் என்று மின்வாரியச் செயற்பொறியாளரிடம். சங்கப் பதிவுக்கு என்ன வேண்டும் என்று வேலூர் கூட்டுறவு இணைப்பதிவாளர் அலுவலகத்தில். விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள், வங்கிக் கடனுக்கு அது கட்டுமா என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.