கலிகிராஃபி எனும் அழகெழுத்து: எந்த வயதில் பேனையைக் கொடுப்பது?

கேள்வி: மகளுக்கு 6 வயது, தரம் 1. பக்கத்தில் ஒரு கலிகிராஃபி வகுப்பில் 5 வயதிலிருந்தே சேர்க்கிறார்கள். இப்போதே விடலாமா? – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வகுப்பில் என்ன பழக்குகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நான்கு கோட்டுக் கொப்பியில் எழுத்தைத் திருத்துவதையும் சிலர் கலிகிராஃபி என்றுதான் சொல்கிறார்கள். அது கையெழுத்துப் பயிற்சி. 6 வயதுக்கு நல்லதுதான். தட்டைமுனைப் பேனை என்றால் பொறுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 8 வயதளவில், தரம் 3இல் கை அதற்குப் பதமாகிறது.

இந்தப் பேனையில் கோடு தடிப்பதும் மெலிவதும் அழுத்தத்தால் அல்ல, முனையைப் பிடிக்கும் கோணத்தால். எழுதும் வரிக்கு 30 பாகையில் முனையை வைத்தால் நிமிர்கோடு தடிக்கும், கிடைக்கோடு மெலியும். வளைவிலும் அந்தக் கோணம் மாறக்கூடாது. சின்னப் பிள்ளை 'ட'வைச் சமாளித்துவிடும். 'ழ'வின் சுழிக்கு வரும்போது விரல்கள் பேனையை உருட்டிவிடும். முனையின் ஓர் ஓரம் தாளைவிட்டு எழும்ப, மை பாதியில் அறும். உடனே பிள்ளை அழுத்தும். நிப்பின் பிளவு விரியும், தாள் கிழியும், பிறகு வகுப்பென்றாலே அழுகை.

வயதைவிடக் கொப்பியைப் பார்ப்பது நல்லது. எழுதிய தாளின் பின்பக்கத்தைத் தடவுங்கள். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் பிடி இன்னும் இறுக்கம். கதைத்துக்கொண்டே நாலு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்தின் வடிவத்தை யோசிக்க இடையில் நின்றால் இன்னும் காலம் இருக்கிறது.

அதுவரை இரண்டு பென்சில்களை, முனைகள் ஒரே மட்டத்தில் நிற்க, மேலும் கீழும் இறப்பர் பட்டி போட்டுக் கட்டிக் கொடுங்கள். முனைகளுக்கிடையே ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் வரும். எழுத்தின் உயரம் அதில் நான்கு மடங்கு, அதாவது 3 சென்ரிமீற்றரளவு. இரட்டைக்கோடு நாடாபோல ஓடும், கோணம் பிசகிய இடம் பிள்ளைக்கே தெரியும். முதலில் 'ப', 'ட', பிறகு 'ம', 'ய'. 'ண', 'இ' கடைசியில். ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும்.

தரம் 3ஐத் தவறவிட்டால் அவசரப்படாதீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும். தரம் 4, 5இல் இன்னொரு வகுப்பைத் திணித்தால் முதலில் விடுபடுவது இதுதான்.

கேள்வி: 9 வயது மகன் இடக்கையால் எழுதுபவன். எழுதியதெல்லாம் அழிந்துவிடுகிறது. – ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: கையை மாற்றாதீர்கள், தாளை மாற்றுங்கள். கை எழுதும் வரிக்குக் கீழே நிற்கும்வரை தாளை வலஞ்சுழியாகத் திருப்பிப் பார்க்கட்டும். 90 பாகைவரை திருப்பி, மேலிருந்து கீழாக எழுதுபவர்களும் உண்டு. அப்படியானால் சாதாரண நேர்வெட்டு நிப்பே போதும். குறைவாகத் திருப்பினால் இடக்கைக்கென்று சரித்து வெட்டிய நிப் வேண்டிவரும். மாதிரி எழுத்தை வலப்பக்கம் வைக்கவும், இடப்பக்கம் அவன் கையே அதை மறைக்கும்.

கேள்வி: என்ன மை வாங்கினாலும் தாளில் பூத்துப் பரவுகிறது. – பம்பலப்பிட்டி வாசகி

பதில்: அனேகமாகக் குற்றம் தாளில்தான். 80 கிராம் போட்டோகொப்பித் தாளில் பல வகை ஈர மையைத் தாங்காது. கொழும்பின் கடற்காற்றில் திறந்து கிடந்தால் இன்னும் மோசம். 100 முதல் 120 கிராம் வரையான மழமழப்பான தாளை வாங்கி, பொலித்தீன் உறையில் மூடி வையுங்கள். கட்டாக வாங்குமுன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையை, உள்ளே மைத்தாங்கி உள்ள பேனையில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள அரக்கு காய்ந்து வழியை அடைத்துவிடும். அது தொட்டெழுதும் நிப்புக்கு உரியது, எழுதி முடித்ததும் நிப்பைக் கழுவிவிட வேண்டும்.

கேள்வி: காப்பர்பிளேட் எழுத்தையே முதலில் பழக்கினால் என்ன? – மாணவியின் அக்கா, தெகிவளை

பதில்: அது கூர்முனை நிப்பால் எழுதும் சரிந்த ஆங்கில எழுத்து. கீழிறங்கும்போது அழுத்தி, மேலேறும்போது அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். 11, 12 வயதுக்கு முன் கொடுத்தால் ஏறும்போதும் அழுத்துவார்கள். முனை தாளில் குத்தி மை தெறிக்கும். தங்கைக்கு ஆசை தாங்கவில்லையென்றால் அதே வடிவங்களைப் பென்சிலால் எழுதட்டும். நிப் வாங்கும் நாளில் அதிலுள்ள எண்ணெய்ப் பூச்சைச் சவர்க்காரம் போட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் மை முத்துமுத்தாக ஒதுங்கும்.