பூவும் இலையும் வைத்துப் படம் செய்வது மனதை ஆற்றுமா? எப்படித் தொடங்குவது?

கண்டிப்பாக ஆற்றும், ஆனால் கடுமையான மனச்சோர்வு என்றால் மருத்துவரையும் பாருங்கள், அதற்கு இது மாற்று இல்லை. இங்கிலாந்தின் மேரி டெலானி 1768-ல் கணவரை இழந்தவர். 70 வயதைத் தாண்டிய பிறகுதான் வண்ணத்தாளைப் பொடிப்பொடியாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கி, பார்வை மங்கும்வரை கிட்டத்தட்ட 1000 படங்கள் முடித்தார், சிலவற்றில் நிஜ இலையே ஒட்டியிருக்கும்.

ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நடு நரம்பிலிருந்து கிளைகள் பிரியும் இடத்தையும் ஓரத்தில் பூச்சி கடித்த ஓட்டையையும் அப்படியே வரைய உட்கார்ந்தால், ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வந்த மனசு கொஞ்ச நேரமாவது அதை விட்டுவிடும். எனக்கு இதுதான் முக்கியம், படம் அழகாக வருவது அப்புறம்.

வரைய வராதா? சரி, மெல்லிய இதழ் உள்ள பூக்களை ஈரம் காய்ந்தபின் பறித்து, செய்தித்தாள் நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் சில நாள் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் ஒட்டலாம். பால் வடியும் செடிகள் மட்டும் வேண்டாம், சிலவற்றின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.